செஞ்சிக்கோட்டைக்கு முதல் முறை போகிறீர்களா? நான் பட்டதை நீங்கள் படவேண்டாம்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, பகல் 12:50. செஞ்சிக்கோட்டைக்குப் போகவே கூடாத மாதம், போகக்கூடாத கிழமை, போகக்கூடாத நேரம். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டுதான் நான் முதன்முதலாக அங்கே போய் இறங்கினேன். கூடவே தங்கையும் அவள் மகனும். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு லிட்டர் தண்ணீர். கல்யாண மகாலைச் சுற்றிவிட்டு, நெற்களஞ்சியத்தில் நிழலுக்கு ஒதுங்கி, அப்புறம் சாவகாசமாக, கோட்டையின் முக்கிய மலையான ராஜகிரியின் அடிவாரத்துக்கு வந்தபோது மணி 3:10.

"மேல ஏற டைம் முடிஞ்சிபோச்சு சார். இப்ப ஏறினீங்கன்னா இறங்கறதுக்குள்ள இருட்டிடும்" என்றார் அங்கே நின்றிருந்தவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு முழுக்க என்னுடையது.

இரண்டாவது முறை சீக்கிரமாகத்தான் கிளம்பினேன். ஆனால் அன்று பௌர்ணமி என்று காலண்டரைப் பார்க்கவில்லை. அந்தக் கதை கீழே வரும். மூன்றாவது முறைதான் கோட்டையை உருப்படியாகப் பார்த்தேன். ராஜா தேசிங்கு கதையும் முற்றுகை வரலாறும் எங்கும் கிடைக்கும், நான் அதற்குள் போகவில்லை. எப்போது போவது, எதை எடுத்துப்போவது, எங்கே ஏமாறாமல் இருப்பது, அப்புறம் போன இடத்தில் எதைப் பார்ப்பது, அவ்வளவுதான் இங்கே.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை நல்ல காலம். மார்ச் பாதிக்கு மேல் பாறை காயத் தொடங்கிவிடும். செஞ்சி மலைகள் மூன்றும் பெரிய பெரிய கருங்கல் உருண்டைகளைக் குவித்து வைத்தது போல இருப்பவை. வெயில் தலையில் மட்டும் அடிக்காது, பாறையிலிருந்து முகத்துக்கும் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளங்கள் நிறைந்து இடமே அழகாகிவிடும். ஆனால் படிகளில் பாசி பிடித்திருக்கும். ஏறுவது பெரிய விஷயமில்லை, இறங்கும்போதுதான் சறுக்கும்.

மாதத்தை முடிவுசெய்தபின் திதியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், இது ஜோசியம் இல்லை. செஞ்சி இருப்பது திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில். பௌர்ணமியன்று கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் முழுக்க இந்தச் சாலையில்தான் வரும். இரண்டாவது முறை நான் திண்டிவனத்திலிருந்து செஞ்சிவரை ஒற்றைக்காலில் நின்றபடி வந்தேன். திரும்பும்போது நின்ற பேருந்துகளில் அந்த ஒற்றைக்காலுக்கும் இடமில்லை. சரி, பௌர்ணமி வேண்டாம், அமாவாசையில் போகலாம் என்றால், அன்று மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவம். அதற்குப் போகிறவர்களும் செஞ்சி வழியாகத்தான் போவார்கள். கார்த்திகை தீபத்தைச் சொல்லவே வேண்டாம். ஆக, பௌர்ணமி, அமாவாசை, தீபம் மூன்றையும் முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டுத் தள்ளிவிடுங்கள்.

ராஜகிரி ஏறும் வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே திருவிழா நடக்கும் நாட்களிலும் மலைப்பாதை கோட்டை பார்க்க வந்தவர்களுக்கானதாக இருக்காது. போகும் வாரம் திருவிழா உண்டா என்று செஞ்சியில் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது.

கிழமையில் செவ்வாய், புதன் மாதிரி வாரநாள்தான் உத்தமம். 2025 ஜூலையில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று செஞ்சி. அதற்கப்புறம் வார இறுதியில் இங்கே வர வேண்டும் என்று நினைப்பவர் நீங்கள் மட்டும் இல்லை.

2. பேருந்தில் ஏறும் முன் "செஞ்சி வழியா?" என்று கேளுங்கள்

சென்னையிலிருந்து 150 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை பேருந்து பிடித்தால் போதும் என்பார்கள். போதாது. திருவண்ணாமலைக்குச் செல்லும் வழிகள் பல, வந்தவாசி, ஆரணி பக்கமாகச் சுற்றிப்போகும் பேருந்துகளும் உண்டு. பலகையில் திருவண்ணாமலை என்று எழுதியிருக்கிறதே என்று ஏறி உட்கார்ந்து தூங்கிவிட்டால் கோட்டையைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள். நடத்துநரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

நான் கணக்கு வைத்துக்கொள்வது நான்கு மணி நேரம். 9 மணிக்குக் கோட்டை வாசலில் இருக்க வேண்டுமென்றால் சென்னையை 4:30-க்காவது விட வேண்டும். முடியாது என்றால் முதல் நாள் இரவே செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ வந்து தங்கிவிடுங்கள். செஞ்சியில் இருப்பவை எளிய லாட்ஜுகள். கொஞ்சம் வசதியாகத் தங்க வேண்டுமென்றால் திருவண்ணாமலை, அங்கிருந்து செஞ்சி ஒரு மணி நேரம்தான்.

ரயிலில் வருகிறவர்களுக்குச் செஞ்சியில் நிலையம் கிடையாது. திண்டிவனத்தில் இறங்கி, பேருந்து பிடித்து, 28 கிலோமீட்டர் வர வேண்டும். புதுச்சேரி, விழுப்புரத்திலிருந்தும் பேருந்து வசதி உண்டு.

செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை திருவண்ணாமலை பக்கமாக இரண்டு கிலோமீட்டர் போல. காலையில் நடந்துகூடப் போய்விடலாம். ஆனால் அந்தத் தெம்பை மலைக்கு மிச்சம் வையுங்கள், ஆட்டோ பிடியுங்கள். ஏறும் முன்பே "ராஜகிரி டிக்கெட் கவுன்டர்வரைக்கும்" என்று இடத்தைச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். வெறுமனே "கோட்டை" என்றால் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டு, உள்ளே போக இன்னொரு தொகை கேட்பது உண்டு.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செஞ்சிக்கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றின் பெயர் கிருஷ்ணகிரி. அதே பெயரில் மாவட்டத் தலைநகரம் ஒன்று இருப்பது தெரியும். அந்த ஊரிலும் மலைமேல் ஒரு கோட்டை இருப்பது பலருக்குத் தெரியாது. மேப்பில் "கிருஷ்ணகிரி கோட்டை" என்று போட்டுவிட்டு, அது காட்டும் வழியில் கண்ணை மூடிக்கொண்டு போனால், அதே நெடுஞ்சாலையில் இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். "செஞ்சி" என்ற சொல்லைச் சேர்த்தே தேடுங்கள்.

3. டிக்கெட்டும் காகிதங்களும்

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. கட்டணம் இந்தியர்களுக்கு 25 ரூபாய், வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். ஆன்லைனில் எடுத்தால் 20, 250. 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். பிள்ளை வளர்த்தியாக இருந்தால் பள்ளி அடையாள அட்டையோ ஆதாரோ கையில் வையுங்கள். என் தங்கை மகனுக்கு 13 வயது, ஆள் ஐந்தே முக்கால் அடி. நம்பவைக்க நேரம் பிடித்தது.

வெளிநாட்டுத் தமிழர்கள் கவனிக்க வேண்டியது இது. இலங்கை சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாடு என்பதால் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தியர்களுக்கான கட்டணம்தான். ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், அறையில் பூட்டிவைத்துவிட்டு வந்தால் 300 ரூபாய்தான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உள்ளவர்களுக்கும் இந்தியக் கட்டணமே, அசல் அட்டையைக் கொண்டுவாருங்கள். மலேசிய, சிங்கப்பூர் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஓசிஐ இல்லையென்றால் வெளிநாட்டவர் கட்டணம். தமிழ் பேசுவதை வைத்து யாரும் குறைக்க மாட்டார்கள்.

வாங்கிய டிக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். ராஜகிரிப் பக்கம் ஒருமுறை, சாலைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரியில் ஒருமுறை என்று கேட்பார்கள். ஆன்லைனில் எடுக்கிறவர்கள் பேருந்திலேயே எடுத்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்றுகொண்டு ஓடிபிக்காகக் காத்திருந்த பத்து நிமிடங்களில் வெயில் ஒரு படி ஏறிவிட்டது.

கைபேசியிலோ சாதாரணக் கேமராவிலோ படம் எடுக்கலாம். முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். டிரோன் பறக்கவிட நினைக்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு உடைகளோடும் பிரதிபலிப்பான் தட்டுகளோடும் வந்து திரும்பிப்போன ஒரு ஜோடியைப் பார்த்தேன். அதற்கெல்லாம் தொல்லியல் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும்.

4. நேரக் கணக்கு

கோட்டை திறந்திருப்பது காலை 9 முதல் மாலை 5 வரை. ஆனால் அந்த 5 மணியை நம்பித் திட்டம் போடாதீர்கள். மலை ஏற விடுவது பிற்பகல் 3 மணிவரைதான். நான் முதல் முறை மாட்டிக்கொண்டது இதில்தான். கூட்டம், மழை என்றால் அதற்கும் முன்பே நிறுத்திவிடலாம்.

ராஜகிரி உயரம் சுமார் 240 மீட்டர். நடுத்தர வயது, சுமாரான உடல்நிலை என்றால் ஏற ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி. மேலே முக்கால் மணி. இறங்க ஒரு மணி. ஆக மூன்று முதல் மூன்றேகால் மணி நேரம் மலைக்கே போய்விடும். கிருஷ்ணகிரி உயரம் குறைவு, ஏற அரை மணி முதல் முக்கால் மணி. ஆனால் படிகள் செங்குத்து.

பலரும் உள்கோட்டைக்குள் நுழைந்ததும் முதலில் கல்யாண மகால், களஞ்சியம், குதிரை லாயம் என்று பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணெதிரே இருப்பது அவைதானே. அதில் காலைக் குளிர்ச்சி முழுவதும் தீர்ந்துவிடும். தலைகீழாகச் செய்யுங்கள். 9 மணிக்கு வாசல் திறந்ததும் எதையும் திரும்பிப் பார்க்காமல் நேராக ராஜகிரி. 12:30-க்குள் கீழே. அப்புறம் நிழலுள்ள கட்டடங்கள்.

இரண்டு மலையையும் ஒரே நாளில் ஏறலாமா? ஏறலாம். இரண்டு மணிக்குள் கிருஷ்ணகிரி அடிவாரத்தில் இருந்தால், முழங்கால் இன்னும் பேசிக்கொண்டிருந்தால். என்னைக் கேட்டால் கிருஷ்ணகிரியை மறுநாள் காலைக்கு வையுங்கள்.

மூன்றாவது மலை சந்திரகிரி. அதற்குச் சரியான பாதை இல்லை, முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கிறது. வழி காட்டுகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் முதல் முறை போகிறவர்கள் போக வேண்டாம். கீழிருந்து மதில் வளைந்து போவதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

5. பையில் என்ன, காலில் என்ன

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். மலைமேல் கடை கிடையாது. நீர் தேங்கிய சுனைகள் உண்டு, குடிக்கிற மாதிரி இல்லை. வாசலுக்கு வெளியே மோர், வெள்ளரிப் பிஞ்சு, கொய்யா விற்பார்கள். அதைத் திரும்பி வரும்போது வாங்கிச் சாப்பிடுங்கள், மேலே எடுத்துப்போகாதீர்கள். காரணம், குரங்கு.

இங்கத்துக் குரங்குகளுக்குப் பை என்றால் என்ன, அதற்குள் என்ன இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். கையில் தொங்கும் பாலிதீன் பையையும், நிறம் போட்ட குளிர்பான பாட்டிலையும் குறிவைக்கும். முதுகில் மாட்டும் பை, ஜிப் மூடியிருக்க வேண்டும், பாட்டில் வெளிப்பாக்கெட்டில் தெரியக் கூடாது. ஒன்று பிடுங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம். என்னிடமிருந்து எடுத்துப்போனது மூக்குக்கண்ணாடிக் கூடு. திறந்து பார்த்து, உள்ளே தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் பாறைச் சரிவில் வீசிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது.

காலில் பிடிமானமுள்ள ஷூ. ரப்பர் செருப்போடு ஏறுகிறவர்களைப் பார்ப்பீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பழக்கம், நமக்கு இல்லை. படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்காது, சில இடங்களில் முழங்கால் உயரம் வரும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒரு கைத்தடி உதவும், குரங்கும் கொஞ்சம் தள்ளி நிற்கும். தொப்பி, ஒரு சின்ன டார்ச், இரண்டு எலக்ட்ரால் பாக்கெட். டார்ச் எதற்கு என்று கேட்காதீர்கள், களஞ்சியத்துக்குள் போனால் தெரியும்.

6. ராஜகிரி ஏறும்போது

பாதை தெளிவாக இருக்கிறது, வழிகாட்டி தேவையில்லை. முதல் கால் மணி நேரத்தில் வேகம் காட்டாதீர்கள். கமலக்கண்ணி அம்மன் கோயில்வரை மெதுவாக வந்து, அங்கே நிழலில் உட்காருங்கள். இங்கேயே மூச்சு வாங்கி நெஞ்சு படபடக்கிறது என்றால் திரும்பிவிடுங்கள், இதற்கு மேல்தான் ஏற்றம் கடினம்.

மேலே போகப் போக ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் வரும். ஒவ்வொன்றிலும் நின்று திரும்பிப் பாருங்கள். நீங்கள் வந்த வழி முழுவதும் மேலிருந்து எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்று புரியும். உச்சியை நெருங்கும் இடத்தில் மலை திடீரென்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது. 24 அடி அகலம், 60 அடி ஆழம் உள்ள இயற்கையான பிளவு. அந்தக் காலத்தில் இதன்மேல் போட்டிருந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களைத் தொட முடியாது. இப்போது இருப்பது நிலையான பாலம், பயப்படாமல் கடக்கலாம். பாலத்தின் நடுவில் செல்ஃபிக்காக நிற்பவர்களால் அங்கே சின்ன நெரிசல் உண்டாகும், பையன்களைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பெரிய பீரங்கி. பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. அதன் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. பின்முனைப் பக்கம் இரும்பில் 7560 என்ற எண் பொறித்திருக்கும், விரலால் தடவிப் பார்க்கலாம்.

விளிம்பில் கைப்பிடிச்சுவர் இடிந்து கிடக்கும் இடங்கள் உண்டு. காற்றும் பலமாக அடிக்கும். கைபேசியில் பார்த்துக்கொண்டே பின்னால் நகராதீர்கள்.

7. இறங்கியபின் உள்கோட்டை

கல்யாண மகால் நடுவில் சதுரக் கோபுரம், எட்டு அடுக்கு. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் சுவரைப் பாருங்கள். ஆறாவது அடுக்குவரை தண்ணீர் கொண்டுபோக மண்குழாய் பதித்திருந்தார்கள்.

களஞ்சியம் வளைவுக் கூரை போட்ட பெரிய இருட்டறை. டார்ச் இங்கேதான். உள்ளே காலடி வைத்ததும் குளிர்ச்சி, உடனே வௌவால் நாற்றம். சுவர்க் கனத்தை வாசலில் நின்று கையை விரித்து அளந்து பாருங்கள். பக்கத்தில் குதிரை லாயம், உடற்பயிற்சிக்கூடம், ஆனைக்குளம். அந்தப் பக்கமே ஒரே கல்லில் 15 அடிக்கு 15 அடி, ஐந்து அங்குல கனத்தில் வழவழப்பான பலகைக்கல் ஒன்று கிடக்கிறது. ராஜா குளித்த கல் என்பார்கள். அந்தக் கல் வழவழப்பில் ஒரு சமையலறை மேடை கிடைத்தால் போதும் என்றாள் என் தங்கை.

பாண்டிச்சேரி வாசல் பக்கம் வெங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் மசூதியும் இருக்கின்றன. கோயிலுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோபுர வாசலின் உட்பக்கச் சுவர்களில் உள்ள சிற்பங்களைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், பாற்கடல் கடைவது முதல் நிறைய இருக்கிறது. இங்கே வரும்போது வெயில் சாய்ந்திருந்தால் நல்லது, மாலை 4 மணி வெளிச்சத்தில் கல்லில் உள்ள ஒவ்வொரு வளைவும் தெரியும்.

8. மதிலைப் பார்க்க ஒரு மணி நேரம் தனியாக வையுங்கள்

இது யாரும் சொல்லாதது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மலை உச்சியைத் தொட்டுவிட்டு வந்தால் கோட்டையைப் பார்த்தாகிவிட்டது என்று நினைக்கிறோம். கோட்டை என்பது மதில்தான். மூன்று மலையையும் சேர்த்துக் கட்டிய மதிலின் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். கனம் 20 மீட்டர்வரை, அகழியின் அகலம் 24 மீட்டர். எண்ணாகப் படித்தால் ஒன்றும் தோன்றாது. சாலை மதிலைக் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில் இறங்கி நின்று, வெட்டுப்பட்ட பக்கத்தைப் பாருங்கள். கேக்கை வெட்டிய மாதிரி உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். லாரிகள் வேகமாக வரும், ஓரமாக நில்லுங்கள்.

பகைவனாக இருந்தால் எந்த வழியாக வந்திருப்பீர்களோ அந்த வழியாக, வெளியிலிருந்து உள்ளே நடங்கள். அப்போதுதான் எதற்காக எது என்று விளங்கும்.

வாசல்களில் எதுவும் நேராக உள்ளே விடாது. நுழைந்ததும் சுவர் மறிக்கும், திரும்ப வேண்டும், இன்னொரு சுவர், இன்னொரு திருப்பம். யானையோ, பெருமரத்தைத் தூக்கி வருகிறவர்களோ ஓடிவந்து மோத இடம் கொடுக்காத ஏற்பாடு. அந்தத் திருப்பத்தில் நின்று மேலே பாருங்கள். நான்கு பக்கமும் உங்களுக்கு மேலே மதில், தப்ப இடமே இல்லை.

கதவுகள் இப்போது இல்லை. ஆனால் கதவு இருந்ததற்கான அடையாளம் கல்லில் இருக்கிறது. நிலைக்கு மேலும் கீழும் கதவுக்குடுமி சுழன்ற வட்டக்குழிகள். பக்கச் சுவரில் ஆழமான சதுரத் துளை. மூடிய கதவுக்குப் பின்னால் குறுக்கே போடும் கணையமரம் செருகியது அதில்தான். ஒரு பக்கத் துளை கையளவு ஆழம், எதிர்ப்பக்கம் மரம் முழுவதையும் இழுத்து உள்ளே தள்ளிவைக்கிற ஆழம் என்று இருக்கும். குச்சியை விட்டு அளக்கலாம், கையை விடாதீர்கள். தேளும் பாம்பும் குடியிருக்கும் இடங்கள் அவை. நம் ஊர்ப் பெரிய வீட்டுக் கதவுகளில் திட்டிவாசல் (பெரிய கதவுக்குள் வைத்த சின்னக் கதவு) பார்த்தவர்களுக்கு இதெல்லாம் உடனே பிடிபடும்.

மதிலின் மேல்விளிம்பில் உள்ள கைப்பிடிச்சுவரில் துளைகள் இருக்கும். பக்கத்தில் போய்க் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒன்று தூரத்து வயலைக் காட்டும், இன்னொன்று சரிந்து மதிலடியைக் காட்டும். எட்டத்தில் வருகிறவனுக்கு ஒன்று, அடியில் வந்து ஒட்டிக்கொண்டவனுக்கு ஒன்று. சங்கப் பாட்டில் ஞாயில் என்று ஒரு மதில் உறுப்பைப் படித்துவிட்டு உரையைப் பார்த்தும் புரியாமல் விட்டிருப்போமே, மதில் உறுப்புகளை நேரில் பார்த்தபின் அந்த வரிகளை ஒருமுறை திரும்பப் படியுங்கள்.

பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னச் செவ்வகக் குழிகள் தென்பட்டால் நில்லுங்கள். கல்தச்சர் ஆப்பு அடித்துப் பாறையைப் பிளந்த தடம் அது. சில பாறைகளில் குழி போட்டதோடு நின்றிருக்கும், பிளக்கவில்லை. மதிலுக்கான கல் வேறெங்கிருந்தோ வரவில்லை, காலடியிலேயே வெட்டி எடுத்தது. அதே மதிலில் கல்லின் அளவும் அடுக்கும் திடீரென்று மாறும் இடங்களையும், கல்மேல் செங்கலும் சுண்ணாம்பும் ஏறியிருக்கும் இடங்களையும் தேடுங்கள். ஒவ்வொரு மாற்றமும் வேறொரு காலத்து ஆளின் கைவேலை. இந்தக் கோட்டை கைமாறியது அத்தனை முறை.

9. வம்பில் மாட்டாமல் இருக்க

சுவரில் பெயர் கிறுக்குவது, கல்லைப் பெயர்ப்பது, சிதறிக் கிடக்கும் ஓட்டுத்துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போடுவது எல்லாம் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாசலில் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற வழிகாட்டிகளிடம் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வேறொரு கோட்டையில் ஒருவரை நம்பி 500 ரூபாய் கொடுத்தேன். ஒவ்வொரு பள்ளத்தையும் தஞ்சாவூருக்குப் போகும் சுரங்கம் என்றே சொன்னார். தமிழ்நாட்டில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் ஒரு சுரங்கமும் அதற்குள் ஒரு புதையலும் கட்டாயம் உண்டு. சிரித்துவிட்டு நகருங்கள்.

குளங்களில் இறங்க வேண்டாம். படி தெளிவாகத் தெரியும், அது எங்கே முடிகிறது என்பது தெரியாது. தனியாகப் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், கிருஷ்ணகிரியில் ஆள் நடமாட்டம் உள்ள நேரத்திலேயே ஏறி இறங்கிவிடுங்கள். வாரநாள் பிற்பகலில் அங்கே மொத்தமே நான்கைந்து பேர்தான் இருப்பார்கள்.

10. செலவு

மூன்றாவது முறை நானும் நண்பரும் சென்னையிலிருந்து அரசுப் பேருந்தில் போய், ஒரே நாளில் திரும்பினோம். பேருந்து, ஆட்டோ, டிக்கெட், காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு, மோர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 800 ரூபாயைத் தாண்டவில்லை. இதில் டிக்கெட் வெறும் 25. காசு போவது பயணத்தில்தான். இரண்டு நாள் தங்கினால் அறை வாடகை கூடும்.

சாப்பாட்டுக்குக் கோட்டைப் பக்கம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள், செஞ்சி ஊருக்குள் வர வேண்டும். சைவமும் பிரியாணியும் பேருந்து நிலையத்தைச் சுற்றியே கிடைக்கும். மதியம் 2:30-க்கு மேல் போனால் சாதம் தீர்ந்திருக்கும். நாங்கள் பரோட்டாவில் முடித்துக்கொண்டோம்.

11. செஞ்சி கடினம் என்று தோன்றினால்

முழங்கால் ஒத்துழைக்காதவர்களும், வயதான பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்களும் வேலூரில் தொடங்கலாம். சமதளக் கோட்டை, அகழியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது, உள்ளே போகக் கட்டணம் இல்லை. மதில், கொத்தளம், அகழி மூன்றையும் ஏறாமலேயே பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளி விடுமுறைதான். அங்கே தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால் அடையாள அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது, பையையும் சோதிப்பார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்களுக்குத் திருமயம். சின்ன மலை, அரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம், உச்சியில் பீரங்கி இருக்கிறது. அடிவாரத்துக் குடைவரைக் கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் காலையில் போங்கள்.

12. திரும்பும் பேருந்து

5 மணிக்குக் கோட்டையிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், அப்போது ஆட்டோ கிடைக்காது. காலையில் வந்த ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்து 4:45-க்கு வரச் சொல்லுங்கள். சாலையோரத்தில் நின்று கைகாட்டினால் சென்னைப் பேருந்து நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்காது. செஞ்சி பேருந்து நிலையத்துக்கே வந்து ஏறுங்கள். நேர்ப் பேருந்துக்காகக் காத்திருக்காமல் வருகிற முதல் திண்டிவனம் வண்டியைப் பிடித்துவிடுங்கள், திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு எந்நேரமும் பேருந்து உண்டு. சன்னலோரத்தில் இடம் கிடைத்தால் உட்காரும் முன் முழங்காலை நீட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். அன்று இரவு அது மடங்காது.